கையொப்பம் வாங்கப் போன கதை

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கனடா தேசம் சென்று மீண்ட எம்மிடம், அங்கு கண்டதில் ஏதாவதொன்றைச் சொல்லுமாறு காரியதரிசி கேட்டுக்கொண்டார். நயகரா நீர்வீழ்ச்சியைப் பற்றியோ, அங்குள்ள கோயில்களின் தேர்த்திருவிழாக்களைப் பற்றியோ சொல்வோம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றைப் பற்றி முன்னர் போய்வந்தவர்கள் இதே மேடையிலே விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நாம் சொல்லப்போவது ஒரு நூலாசிரியையிடம் கையொப்பம் வாங்கப் போன கதை. அந்நூல் இலக்கிய நூலுமன்று, சமய நூலுமன்று. கம்பளி நூலாலே காலுறையும் தொப்பியும் பின்னுவது பற்றிய நூல். பின்வரிசையிலே சிரிப்பவர்கள் இப்பொழுதே சிரித்து முடித்துவிடலாம்.

கோப்பாயிலே கம்பளிக் காலுறைக்கு வேலை ஏது என்று கேட்பீர்கள். நியாயந்தான். செம்மண் தோட்டத்திலே வெறுங்காலோடு நின்று வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் மார்கழிப் பனியிலே பிறந்த குழந்தையின் தலைக்கு ஒரு பின்னல் தொப்பி போடாத வீடு எமது இளமையில் இந்த ஊரிலே குறைவு. கொக்கி ஊசியாலே பின்னிய லேஸ் விரிப்பு றேடியோப் பெட்டிக்கு மேலே கிடந்ததையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த காலந்தொட்டு, எழுத்தோடு சேர்த்து ஊசி வேலையும் எமது பெண் பிள்ளைகளின் பாடமாயிற்று. பிறகு சைவப் பாடசாலைகளிலும் அது வேரூன்றியது.

எமது தமக்கையார் அந்த வழியில் வந்தவர். வலிகாமத்துப் பெண் பாடசாலைகளிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தையல் ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். அவரிடம் படித்தவர்கள் இந்த மண்டபத்திலே குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள்; அடி வாங்கியவர்களும் இருப்பார்கள். அவரிடம் ஏழு கொப்பிகள் இருந்தன. பின்னலிலே எத்தனை அலங்காரம் இருந்தாலும் அடிப்படையில் இரண்டே கண்ணிகள்தாம்: நேராக எடுப்பது ஒன்று, மறித்து எடுப்பது மற்றொன்று. அவற்றைத் தமக்கையார் ‘நே’ என்றும் ‘ம’ என்றும் குறித்தார். கண்ணி கூட்டுவதற்கு ‘கூ’. இரண்டை ஒன்றாகச் சேர்ப்பதற்கு ‘சே’. ‘நே 2 ம 2’ என்று கொப்பி நிறைய எழுதியிருப்பதைப் பார்த்து, இது என்ன மந்திரமோ என்று சிறுவயதிலே நாம் பயந்ததுண்டு.

மேல்நாட்டிலும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. பாட்டியிடமிருந்து பேர்த்திக்கு வாயாலும் கையாலும் வந்த வித்தையைப் பரவலாக அச்சிலே ஏற்றத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். எடின்பரோவிலே கம்பளி நூல் வியாபாரம் செய்த ஜேன் கோகெய்ன் என்னும் மாது 1840 இல் வெளியிட்ட பின்னற் புத்தகம் முன்னோடிகளுள் ஒன்று. அவரும் தமக்கென்று சுருக்கக் குறியீடுகளை அமைத்துக்கொண்டார். எமது தமக்கையார் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டதேயில்லை. இடமும் காலமும் வேறாயினும் ஒரே தேவை ஒரே உபாயத்தைக் காட்டியிருக்கிறது.

இனி அந்த ஏழு கொப்பிகளின் கதியைச் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதியை உங்களுக்கு நினைவூட்டவேண்டியதில்லை. அன்று மழையிலே, கோப்பாய் – கைதடி வீதியிலே, அடிக்கு அடி நகர்ந்த சனத்தோடு நாமும் நகர்ந்தோம். அரிசியும் அடையாள அட்டையும் காணி உறுதியும் எடுத்தோம். கொப்பிகள் அலுமாரியிலே இருந்தன. 1996 இல் திரும்பிவந்தபோது அலுமாரியும் இல்லை, அது நின்ற அறைக்குக் கூரையும் இல்லை. 1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 நூல்கள் சாம்பலானபோது உலகமே அழுதது, அழவேண்டியதுதான். ஏழு கொப்பிகளுக்கு எவரும் அழவில்லை. தமக்கையாரும் அழவில்லை. ஊசியைத் தொடுவதை மட்டும் விட்டுவிட்டார். கண் பார்வை குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார். நாமும் நம்பினோம்.

ஆனால் அந்தக் கொப்பிகளிலே இருந்தவற்றிற் சில, கொப்பிக்கு வெளியேயும் ஓரிடத்தில் இருந்தன. எமது பெறாமகள் ஒருத்தி, தமையனாரின் மகள், பொருளாதாரத் தடைக்காலத்திலே தமக்கையாரின் மடியில் இருந்து பின்னல் கற்றவள். ஊசி வாங்க முடியாத காலம் அது. சைக்கிள் சில்லுக் கம்பியை அறுத்து, நுனியைச் சீமெந்திலே தேய்த்து ஊசியாக்கினார்கள். கம்பளி நூலும் இல்லை. கொழும்பிலிருந்து எப்போதோ வந்த பழைய சுவெற்றரைப் பிரித்து, நூலை நனைத்து, பாரங் கட்டித் தொங்கவிட்டு, சுருக்கம் எடுத்துப் பின்னினார்கள். மறுமாதம் அதையே பிரித்து வேறொன்று பின்னினார்கள். ஒரே நூல் அந்த வீட்டிலே ஐந்து பிறவி எடுத்தது என்று சொல்லலாம். அந்தப் பெண் பின்னர் மணமுடித்து ரொறன்ரோ சேர்ந்தாள். குளிர் தேசத்திலே அவளுடைய வித்தைக்கு வேலை கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அவளுடைய வீட்டிலே நாம் தங்கியிருந்த நாளிலேதான் அந்தக் கையொப்ப விவகாரம் வந்தது. “சித்தப்பா, என்ரை எழுத்தாளர் புத்தகத்திலை கையெழுத்துப் போடுறா, வாறியளோ?” என்று கேட்டாள். ‘என்ரை எழுத்தாளர்’ என்று அவள் சொன்ன மாதிரியிலே ஒரு சொந்தம் இருந்தது. எமது வீட்டிலே மு. வரதராசனாரைக்கூட எவரும் அப்படிச் சொன்னதில்லை. சரி, போவோம் என்று கிளம்பினோம்.

அந்த எழுத்தாளரின் பெயர் ஸ்ரெபனி பேர்ள் மக்பீ. ரொறன்ரோவிலே வாழ்பவர். தாய்ப்பால் ஊட்டுவது பற்றி இளந்தாய்மாருக்கு ஆலோசனை சொல்லும் தொழில் செய்தவர். 2004 இல் தமது பின்னல் அனுபவங்களைக் கணினி வழியே நாட்குறிப்புப்போல எழுதத் தொடங்கி, 2005 முதல் நூல்களாக வெளியிட்டுவருகிறார். அவருடைய ‘நிற்றிங் றூல்ஸ்’ என்னும் நூல் 2006 இல் வந்தது. அதிலே அவர் ‘இந்தக் காலுறைக்கு இத்தனை கண்ணி’ என்று கட்டளை போடுவதோடு நில்லாமல், உன் நூல் எவ்வளவு தடிப்போ, உன் பிள்ளையின் கால் எவ்வளவு பெரிதோ, அதை அளந்து நீயே கணக்குப் பார்த்துக்கொள் என்று வழி காட்டுகிறார். பகிடியும் நிறைய உண்டு. தம்முடைய பிழைகளைச் சொல்லித் தாமே சிரிப்பவர்.

நாம் உள்ளே போனபோது மண்டபம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமற் பலர் சுவரோரம் நின்றனர். எமக்கு ஆச்சரியம் அளித்தது கூட்டமன்று. அங்கிருந்தவர்கள் எல்லோரும் பேச்சைக் கேட்டுக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தார்கள்! எமது கூட்டங்களிலே ஒருவர் விசிறியால் சற்று வேகமாக விசிறினாலே பேச்சாளருக்கு மரியாதைக் குறைவு என்று முகஞ் சுளிப்போம். அங்கே நூற்றுக்கணக்கான ஊசிகள் மெல்ல உராயும் சத்தம், பனையோலையிலே தூறல் விழுவதுபோல இருந்தது. சிரிக்கவேண்டிய இடத்திலே சிரித்தார்கள், கண்ணியும் தவறவில்லை. ஆண்களும் சிலர் இருந்தார்கள். எமக்கு அது முதலில் விநோதமாகத் தோன்றியது. பிறகு விசாரித்ததில், கைப்பின்னலின் சரித்திரத்தையே 1987 இல் பெரிய நூலாக எழுதியவர் றிச்சேட் றற் என்னும் ஆங்கிலேய மேற்றிராணியார், லெஸ்ரர் நகரத்து பிசப், என்று அறிந்தோம். ஆகவே பின்வரிசைத் தம்பிமார் அவ்வளவு சிரிக்கத் தேவையில்லை.

அந்த அம்மையாரிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்னி முடியாத காலுறை ஒன்றை எங்கு போனாலும் கொண்டுதிரிவார். அதைக் கையிலே பிடித்தபடி கூட்டத்தைப் படம் எடுப்பார். அவர் போன ஊர்களையெல்லாம் அந்த அரைக் காலுறையும் பார்த்திருக்கிறது. அன்றும் அது நடந்தது. எங்கோ ஒரு படத்திலே, காலுறைக்குப் பின்னால், எமது வழுக்கைத் தலையும் சிறு புள்ளியாக இருக்கக்கூடும்.

பேச்சு முடிய, கையொப்பத்துக்கு வரிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அந்த ஒரு மணி நேரத்திலே நாம் கண்டவற்றை எமது ஊர் நூல் வெளியீட்டு விழாவோடு மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது.

எமது விழாவை நீங்கள் அறிவீர்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு, வெளியீட்டுரை, ஆய்வுரை இரண்டு. முதற்பிரதியைப் பெறுபவர் ஊரிலே வசதி படைத்த ஒருவர். பின்னர் சிறப்புப் பிரதிகள், பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராய் மேடைக்குப் போய்க் கடித உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிப் படத்துக்கு நிற்றல். எழுதியவர் ஏற்புரைக்கு எழும்பும்போது சபையிலே பாதி சோற்றுக்குப் போயிருக்கும். இதை நாம் பரிகாசமாகச் சொல்லவில்லை. ஐந்நூறு பிரதி அச்சிட்டு, அச்சகத்துக்குக் கடன் சொல்லி நூல் போடுகின்ற எமது எழுத்தாளனுக்கு அந்த உறைகள்தாம் உயிர். விழா இல்லையேல் அடுத்த நூல் இல்லை. ஆனால் அன்று புத்தகத்தைப் பெறுபவர்களில் அதை ஏற்கனவே படித்தவர் ஒருவரும் இரார். வாங்கியபின் படிப்பவர் எத்தனை பேர் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

ரொறன்ரோ வரிசையிலே நின்றவர்களின் கையில் இருந்த புத்தகங்களோ பழையவை. புதிதாக வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் பலருடைய புத்தகங்களுக்கு மட்டை கழன்றிருந்தது. எமது பெறாமகளின் பிரதியிலே காலுறைப் பகுதியில் தேநீர்க் கோப்பையின் வட்டம், மஞ்சட் கறை, பென்சிலாலே தமிழிற் கணக்கு. ஓரத்திலே ‘நே’, ‘ம’ என்று தமக்கையாரின் குறிகள். எமக்கு முன்னால் நின்ற முதியவள் புத்தகத்தோடு ஒரு சால்வையும் கொண்டுவந்திருந்தாள். வேறொருத்தி குழந்தையையே கொண்டுவந்திருந்தாள், தான் பின்னிய சட்டையைப் போட்டு. இன்னொருத்தி கோணலாய்ப் போன முதற் கைவேலையை ஒளித்து ஒளித்து வைத்திருந்தாள். காட்டுவதா விடுவதா என்று அவளுக்குத் தீர்மானம் இல்லை. முன்னே இருந்தவளும் பின்னே இருந்தவளும் அதை வாங்கிப் பார்த்துத் தைரியம் சொன்னார்கள். நூலாசிரியை கையொப்பம் இடும்போது அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கவிதை நூலுக்கோ நாவலுக்கோ வாசகன் இப்படி ஒரு கணக்குக் காட்ட முடியாது. நீ எழுதினாய், நான் செய்தேன், இதோ பார் என்று காட்டும் வாசகர் கூட்டம் அது. எழுதுபவனுக்கு அதைவிடப் பெரிய உறை எதுவும் இல்லையென்று எமக்குப்பட்டது.

எமது முறை வந்தது. யாருடைய பெயருக்கு என்று எழுதிக் கொடுக்கும் துண்டுக் கடதாசியிலே பெறாமகள் தன் பெயரை எழுதவில்லை. தமக்கையாரின் பெயரை ஆங்கில எழுத்திலே எழுதினாள். எமது பெயர்களின் நீளத்தை நீங்கள் அறிவீர்கள், பதினாறு எழுத்து. அம்மையார் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக் கையொப்பம் இட்டார். இவ அவவுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வரிசை நீண்டு நின்றது. “எனக்குப் பின்னல் பழக்கின மாமி” என்று மாத்திரம் ஆங்கிலத்திற் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டாள்.

திரும்பும் பஸ்சிலே அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகுதான், சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்ததைச் சொன்னாள். அது இது.

அவளுடைய கணவர் பகுதியினர் வடமராட்சி கிழக்கார், உடுத்துறை. 2004 டிசெம்பர் 26 காலை அந்தக் கரைக்கு என்ன நடந்தது என்பதை நாம் இங்கே சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. இலங்கை முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடும்பத்திலே நால்வர். பெறாமகள் ரொறன்ரோவிலே தொலைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இருந்தாள். அந்த வாரத்திலேதான், ஸ்ரெபனி பேர்ள் மக்பீ என்னும் முன்பின் தெரியாத ஒரு பெண், தம்முடைய பின்னல் நாட்குறிப்பிலே, அதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒரு வாரத்துக்கு, வேண்டும் என்பதற்கும் தேவை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள். தேவையில்லாததை வாங்காமல் விட்டு, அந்தக் காசை எல்லைகளற்ற மருத்துவர் அமைப்புக்குக் கொடுங்கள் என்பது அதன் சாரம். அந்த அமைப்பின் பெயரை ஒட்டியே ‘எல்லைகளற்ற பின்னலாளர்’ என்று இந்த முயற்சிக்குப் பெயரிட்டார். சங்கம் இல்லை, யாப்பு இல்லை, பொருளாளர் இல்லை. கொடுத்துவிட்டு எவ்வளவு என்று அறிவித்தாற் போதும். அவர் கூட்டிக்கொண்டே வருவார். அந்தத் தொகை பின்வந்த ஆண்டுகளிலே பத்து இலட்சம் கனேடிய டொலரைத் தாண்டியது. நூல் வாங்குவதற்கு வைத்திருந்த காசு, கோப்பிக் காசு, இப்படிச் சேர்ந்தது அது.

பெறாமகள் அந்த எழுத்தாளரை முதன்முதல் அறிந்தது அவ்வாறுதான். புத்தகம் பின்னால் வந்தது. அவளும் ஒரு வாரக் கோப்பிக் காசைக் கொடுத்தாள். “என்ரை ஊருக்கு எண்டு ஆரோ குடுக்கேக்கை நான் குடாமல் இருக்கேலுமே, சித்தப்பா?” என்றாள்.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். அந்தக் காசு உடுத்துறைக்கு வந்திராது. ஆழிப்பேரலை வேலைக்கு வேண்டிய பணம் போதிய அளவு சேர்ந்துவிட்டது என்று அந்த மருத்துவ அமைப்பே சில நாட்களுக்குள் அறிவித்து, இனித் தருபவர்கள் உலகின் வேறு துன்பங்களுக்கென்று தாருங்கள் என்று கேட்டது. பணம் வாங்குபவர் போதும் என்று சொல்வது அபூர்வம். அதனால் இதைக் குறிப்பிடுகிறோம். பெறாமகளுக்கும் அது தெரியும். அவள் அதற்கு வருந்தவில்லை. 1990 களிலே, மருந்தும் மின்சாரமும் இல்லாத நாட்களில், அதே அமைப்பின் வைத்தியர்கள் பருத்தித்துறை மந்திகை வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குக் காசு கொடுத்தவர்கள் எந்த ஊராரோ, எந்தத் துன்பத்தை நினைத்துக் கொடுத்தார்களோ? அது மந்திகைக்கு வந்தது. “அப்ப வந்ததுக்கு இப்ப போகட்டும்” என்பது அவளுடைய கணக்கு.

இதைத்தான் அந்த அம்மையாரிடம் சொல்ல நினைத்திருக்கிறாள். வரிசையிலே நிற்கும்போது மனத்துக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்தாளாம். மேசைக்கு முன் போனதும் மாமியின் பெயர்தான் வந்தது. கடிதம் எழுதலாமே என்றோம். எழுதுவேன் என்றாள். எழுதினாளோ தெரியாது, கேட்கவும் எமக்கு மனம் வரவில்லை.

புத்தகத்தை எம்மிடமே தந்துவிட்டாள். தனக்கு வேறொன்று வாங்கிக்கொள்வாளாம். கறைபட்ட பிரதிதான் மாமிக்கு வேண்டும் என்று சொன்னாள். கூடவே தான் பின்னிய ஒரு சோடிக் காலுறை, நான்கு ஊசி, இரண்டு பந்து நூல். கட்டுநாயக்காவிலே சுங்க அதிகாரி அந்த ஊசிகளைப் பார்த்து எம்மையும் பார்த்த பார்வை தனிக்கதை.

தமக்கையார் திண்ணையிலே இருந்தார். புத்தகத்தை மடியிலே வைத்தோம். “தம்பி, உது என்ன?” என்றார். முதற் பக்கத்தைத் திறந்து, அவருடைய பெயரை வாசித்துக் காட்டினோம். கையொப்பத்திலே அவர் கருத்துச் செலுத்தவில்லை. பென்சிற் குறிகள் இருந்த பக்கத்தைக் கண்ணுக்கு மிக அண்மையிலே பிடித்துக்கொண்டார். ‘நே 2 ம 2’ என்று மெல்ல வாசித்தார். மற்றப் பக்கத்தைப் புரட்டினார்; அங்கும் அவருடைய குறிகள். நாம் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தோம். வேண்டுமென்றே சற்றுத் தாமதித்தோம். வந்து பார்த்தால், காலுறை ஒன்றைக் கையிலே மாட்டி, குதிப் பகுதியை விரலாலே தடவிக்கொண்டிருந்தார்.

“உந்தக் குதி நான் பழக்கின குதி இல்லை” என்றார். குரலிலே பழைய ஆசிரியை இருந்தார். “வரிசையை முடிக்காமல் இடையிலை திருப்பவேணும். அவள் எத்தினையிலை திருப்பியிருக்கிறாள் எண்டு பார். உது வெள்ளைக்காரியின்ரை குதி. பிழை இல்லை. ஆனால் எங்கடை குதி வேறை.”

எங்கடை குதி என்ன என்று கேட்டோம். வாயாற் சொல்லத் தொடங்கி, வழியிலே நின்றுவிட்டார். கை இல்லாமல் வாய்க்கு அது வரவில்லை. ஊசியை எடுத்துக் கொடுத்தோம்.

இளைஞர்களே, எமது கோப்பாய்க்கு அப்பால், நீர்வேலியைக் கடந்தால் சிறுப்பிட்டி. அந்த ஊரிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி அச்சேற்றியதை எமது மேடைகளிலே ஆண்டுக்கு ஒருமுறையாவது பேசுகிறோம். ஏடு என்று ஒன்று இருந்தபடியாலே அவரால் தேட முடிந்தது. கடகம் இழைக்கும் ஆச்சிக்கும், நீத்துப்பெட்டி முடையும் ஆச்சிக்கும், எமது தமக்கையாருக்கும் ஏடு இல்லை. இதை நாம் காரியதரிசியிடம் சொன்னோம். அவர் சங்கத்து யுவதிகள் மூவரை அனுப்பினார். ஆறு மாதமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் அவர்கள் வருகிறார்கள். தமக்கையார் பின்னுவார், ஒருத்தி கண்ணியை எண்ணுவாள், ஒருத்தி எழுதுவாள், மூன்றாமவள் எழுதியதை வாசித்து வாசித்துத் தானே பின்னிப் பார்ப்பாள். சரியாக வந்தாற்றான் பக்கம் முடியும். வராவிட்டால் பிரிப்பு. தமக்கையாரின் பார்வை குறைந்தது மெய்தான், அதை வைத்தியரும் சொன்னார். ஆனால் மறிகண்ணி பிழைத்தால் விரல் கண்டுபிடித்துவிடுகிறது.

இதுவரை ஒரு கொப்பி நிறைந்து, இரண்டாவது நடக்கிறது. குழந்தைத் தொப்பி மூன்று விதம், கையுறை, தொட்டில் விரிப்பு, மாவிலைக் கரை என்று அவர் பெயரிட்ட ஒரு கரை, எல்லாம் வந்துவிட்டன. மலரின் இவ்விதழிலே குழந்தைத் தொப்பி ஒன்றின் முறையை, அவருடைய குறிகளோடேயே அச்சிடுமாறு பத்திராதிபரைக் கேட்டிருக்கிறோம். கவிதைக்கு ஒதுக்கிய பக்கத்திலே ‘நே’யும் ‘ம’வும் எப்படிப் போடுவது என்று அவர் யோசிக்கிறார். போடுவார் என்றே நம்புகிறோம்.

குதிக்கு இன்னும் வரவில்லை. இரண்டு தரம் பின்னிப் பார்த்தார்; இரண்டு தரமும் பிரித்துவிட்டார். எந்தக் கண்ணியிலே திருப்புவது என்பது நினைவுக்கு வருகிறதாம், போகிறதாம். வருகின்ற சனிக்கிழமை மறுபடியும் தொடங்குகிறார்கள்.